மெட்டேறிய சிரிப்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தேவாரம் என்னும் பெயரைக் கேட்டவுடன் வெளியூர் அன்பர்களுக்கு மூவர் பாடிய பதிகங்களே நினைவுக்கு வரும். இவ்வூராருக்கோ அப்பெயருடன் சேர்ந்தே நெஞ்சில் எழுவது மேற்கே அரணாய் நிற்கும் மலை. அம்மலையின் முதுகைக் கடந்தால் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். முகட்டைக் கடக்கும் வழியை இவ்வட்டாரத்தார் 'மெட்டு' என்பர். வடக்கே போடிமெட்டு, தெற்கே கம்பம்மெட்டு, இடையிலே, தேவாரத்தார் நெடுங்காலம் சாலை கேட்டுவந்த சாக்கலூத்துமெட்டு. பாட்டின் இசை வடிவத்துக்கும் தமிழில் மெட்டு என்றே பெயர். இவ்விரு சொற்களும் ஒரே வேரில் பிறந்தனவா என்பதை மொழியறிஞர் ஆராயட்டும். ஆனால் இரண்டு மெட்டுகளையும் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒரு கலைஞர் இவ்வடிவாரத்தில் வாழ்ந்து மறைந்தார். அவர்தாம் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன்.

தேவாரத்திலிருந்து கோம்பை நோக்கிச் செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் இருப்பது பண்ணைப்புரம். அவ்வூரில் இராமசாமி என்பாரின் குடும்பத்தில் பிறந்தவர் வரதராஜன். பொதுவுடைமை இயக்க மேடைகளில் ஆர்மோனியத்துடன் அமர்ந்து, மக்கள் அறிந்த மெட்டுகளில் புதிய சொற்களை ஏற்றி, ஆட்சியாளரையும் பணம் படைத்தோரையும் பசியையும் ஒருசேர எள்ளி நகையாடியவர். அவருடைய தம்பியர் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோர் அவருடன் மேடையேறினர். 'பாவலர் பிரதர்ஸ்' என்னும் பெயரில் அக்குழு தென்னகமெங்கும் பயணம் செய்தது. 1943இல் பிறந்த இளையராஜா அக்குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 14.

இந்தக் கலைஞரைத் தமிழுலகம் கண்டடைந்த முறை விந்தையானது. ஒரு கவிஞனை அவனுடைய பாட்டின் வழியாக அறிவதே இயல்பு. பாவலரையோ பெரும்பாலோர் பின்னோக்கி நடந்தே அறிந்தனர். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தது. இளையராஜா என்னும் பெயர் பரவியது. அவர் யார், எந்த ஊர், எங்கே இசை பயின்றார் என்ற வினாக்கள் எழுந்தன. அவற்றுக்கு விடையாகவே அண்ணனின் பெயர் வந்தது. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' திரைக்கு வந்தபோது 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்னும் நிறுவனப் பெயர் வெண்திரையில் ஒளிர்ந்தது. அதைக் கண்ட இலட்சக்கணக்கானோரில் எத்தனை பேர், அந்தப் பாவலர் யார் என்று கேட்டிருப்பர்? கேட்ட சிலரும் 'இளையராஜாவின் அண்ணன்' என்ற விடையோடு நிறைவடைந்தனர். அவ்விடை உண்மையே. ஆயினும் அது ஒரு கலைஞரின் முகவரியேயன்றி முகம் ஆகாது. அம்முகத்தைச் சற்று உற்று நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பாவலரின் கலைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று வயலிலும் களத்திலும் தோட்டத்திலும் பிறந்த நாட்டுப்பாடல். மற்றொன்று இரவு மேடையில் பிறந்த நையாண்டி. முதலாவது குறித்துத் தமிழில் நிறையவே எழுதப்பட்டுள்ளது. தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றின் சிறப்பை இவ்வவையோர் அறிவர். ஆனால் ஒப்பாரிக்குள்ளும் எள்ளல் உண்டு என்பதைப் பலர் கருதுவதில்லை. இழவு வீட்டில் மாரடித்து அழும் பெண், அழுகையின் இடையே தன்னை வாட்டிய நாத்தியையும் பங்கு கொடுக்காத அண்ணனையும் ஓரடியில் குத்திவிட்டு மீண்டும் அழுகைக்குத் திரும்புவாள். சுற்றியிருப்போர் முந்தானையால் வாயை மூடிக்கொள்வர். அழுகையை அடக்கவா சிரிப்பை மறைக்கவா என்பது அவர்களுக்கே தெரிந்தது. துயரத்தின் நடுவே நகைப்பை வைக்கும் இத்திறம் நாட்டுப்புறத் தாய்மார் தந்த பாடம்.

இரண்டாவது ஊற்று மேடை. மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகங்களைக் கண்டவர்க்கு அதன் ஒழுங்கு தெரியும். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கும். ஆனால் வள்ளியும் முருகனும் வருவதற்கு முன்பே பபூனும் டான்சரும் மேடைக்கு வந்துவிடுவர். ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளம் போட, அவர்கள் ஆடுவர், பாடுவர், ஒருவரையொருவர் மடக்குவர், ஊர்ப் பெரியவரைச் சாடையாகக் கிண்டல் செய்வர், விலைவாசியைப் பேசுவர். தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கும் இதே உரிமை உண்டு. துரியோதனன் கொலுவீற்றிருக்கையில் அவனைப் பார்த்து எதிர்க்கேள்வி கேட்கும் துணிவு அவையிலுள்ள வீரர் எவருக்கும் இல்லை, கட்டியங்காரனுக்கே உண்டு. கதையின் காலத்திலும் பார்ப்போரின் காலத்திலும் ஒரே நேரத்தில் நிற்பவன் அவன்.

மேலைநாட்டார் இதனையொத்த கலைக்குக் 'காபரே' என்று பெயரிட்டனர். தமிழ்த் திரைப்படம் அச்சொல்லைக் கேளிக்கை விடுதி நடனம் என்ற அளவில் சுருக்கிவிட்டது. அதன் தொடக்கம் வேறு. 1881இல் பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் பகுதியில் 'கருப்புப் பூனை' என்னும் பெயருடைய மதுச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. கவிஞர்களும் ஓவியர்களும் பாடகர்களும் அங்குக் கூடினர். அங்குப் பாடத் தொடங்கிய அரிஸ்தீத் புருவான் என்பார் சேரி மக்களின் கொச்சைமொழியிலேயே அவர்களுடைய வறுமையையும் சிறையையும் சாவையும் பாடினார். கேட்க வந்த செல்வர்களை முகத்துக்கு நேரே ஏசினார். அவர்கள் காசும் கொடுத்து ஏச்சும் வாங்கிச் சென்றனர். பின்னர் இக்கலை பெர்லினுக்குச் சென்று அரசியல் கூர்மை பெற்றது. சிறிய மேடை, ஓரிரு இசைக்கருவிகள், பாட்டும் பேச்சும் கலந்த நடை, சிரிப்பின் உறையில் செருகிய கத்தி ஆகியவையே அதன் இலக்கணம். அவ்விலக்கணத்தை வைத்துப் பார்த்தால், பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்த பண்ணைப்புரத்துக் கலைஞர் பாரிஸையும் பெர்லினையும் நாடிச் செல்லாமலே அக்கலையின் உறவினராகிவிடுகிறார். இளம் வயதில், குரல் உடையும்வரை, பெண்குரலுக்குரிய பகுதிகளைத் தாம் பாடியதையும், அதன் பின்னரே ஆர்மோனியத்துக்கு மாறியதையும் இளையராஜா கூறியிருக்கிறார். ஆண் பிள்ளை பெண்ணாய்ப் பாட, அண்ணன் எதிர்ப்பாட்டுப் பாட, கூட்டம் ஆரவாரம் செய்யும் அக்காட்சி நாடக மேடையின் நேர் வாரிசு.

பாவலரின் முதன்மையான கருவி பிறர் மெட்டு. மக்கள் வாயில் புழங்கும் திரைப்பாடலின் மெட்டை எடுத்துக்கொண்டு அதில் அரசியலைப் பாடுவது அவர் வழக்கம். இதைக் குறையாகக் கருதும் புலமைச் செருக்கு தமிழில் உண்டு. 'சொந்த மெட்டு இல்லாதவன், இரவல் சட்டை போட்டவன்' என்ற ஏளனம் அது. இவ்வேளனத்துக்கு விடை கூறுவது கவிஞர் கூடிய அவையில் கடமையாகிறது.

முதலாவதாக, பாரதியாரே இவ்வழியில் நடந்தவர். வ.உ.சிதம்பரனார் சிறைப்பட்ட 1908ஆம் ஆண்டுச் சூழலில், ஆட்சியர் விஞ்சு துரையையும் மிதவாதிகளையும் எள்ளி அவர் எழுதிய பாடல்களுக்கு நந்தனார் சரித்திரப் பாடல்களின் வர்ணமெட்டையே தேர்ந்தார். அம்மெட்டுகளை அன்று அறியாதார் இல்லை. ஆண்டையும் அடிமையும் பேசிக்கொண்ட மெட்டில் ஆங்கிலத் துரையும் சுதேசியும் பேசும்போது, புதிய பாட்டுக்குள் பழைய பாட்டின் பொருளும் நிழலாய் நின்றது. துரை ஆண்டையாகவும் நாடு சேரியாகவும் கேட்போர் மனத்தில் தாமே மாறின. இரவல் மெட்டு ஒரு சிலேடை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. காளமேகம் ஒரு சொல்லில் இரு பொருளை வைத்தார். மெட்டுக்குப் பாடுவோர் ஓர் இசையில் இரு பாட்டை வைத்தனர்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் இதையே செய்தார். நந்தனார் கதாகாலட்சேபத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு அவர் நிகழ்த்திய 'கிந்தனார்' 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்றது. சிதம்பரம் செல்ல ஏங்கிய நந்தனாரின் இடத்தில், பள்ளிக்கூடம் செல்ல ஏங்கும் ஒடுக்கப்பட்ட சிறுவன் வந்து நின்றான். சிரித்த கூட்டம், சிரித்து முடிப்பதற்குள் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டது.

உலக மேடையும் இதற்குச் சான்று தரும். 1728இல் இலண்டனில் ஜான் கே என்பார் 'பிச்சைக்காரரின் இசைநாடகம்' என்னும் படைப்பை அரங்கேற்றினார். அதிலுள்ள அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரும்பாலானவை மக்கள் அறிந்த தெருப்பாட்டு மெட்டுகளில் அமைந்தவை. திருடர்களையும் சிறைக்காவலரையும் காட்டி அமைச்சரை எள்ளிய நாடகம் அது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1928இல், பெர்லினில் பெர்டோல்ட் பிரெக்ட் அதே கதையைப் புதுக்கி எழுத, குர்ட் வைல் தெருவின் இசையும் காபரே இசையும் கலந்து மெட்டமைத்தார். அதுவே 'மூன்று காசு நாடகம்'. 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் இருவரும் செருமனியை விட்டு வெளியேற நேர்ந்தது. சிரிப்பை வல்லாட்சி எவ்வளவு அஞ்சுகிறது என்பதற்கு அவ்வெளியேற்றமே அளவுகோல்.

பாவலருக்கு இன்னும் நெருங்கிய உறவினர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். சுவீடனில் 1879இல் பிறந்து, பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஜோ ஹில் என்னும் தொழிலாளி அவர். தேவாலயத்தில் பாடப்படும் கீர்த்தனை மெட்டுகளில், பசித்தவனுக்கு மறுமையில் விருந்து உண்டென்று போதிப்பாரை எள்ளிப் பாடல் கட்டினார். துண்டறிக்கையை ஒருமுறை படித்து எறிந்துவிடுவர், பாட்டையோ மனப்பாடம் செய்து திரும்பத் திரும்பப் பாடுவர் என்பது அவர் கண்ட உண்மை. கொலைக் குற்றம் சாட்டப்பெற்று 1915இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வழக்கின் நேர்மை இன்றளவும் ஐயுறப்படுகிறது. அவர் பாட்டுகள் சாகவில்லை.

இனி, மெட்டுக்குப் பாடுவதன் செயல்முறையைச் சற்று நோக்கலாம். கூட்டத்தாருக்கு மெட்டு முன்பே தெரியும். ஆதலின் பாடகர் இசையைக் கற்பிக்க ஒரு நொடியும் செலவிட வேண்டியதில்லை. கேட்போரின் கவனம் முழுவதும் சொல்லின் மேல் குவிகிறது. பல்லவியின் முதற்சீரைக் கேட்டதும் மனம் பழைய பாட்டின் அடுத்த சொல்லை எதிர்பார்க்கிறது. அந்த இடத்தில் வேறு சொல் வந்து விழுகிறது. நிலவைப் பார்த்துக் காதலன் உருகும் மெட்டில் அரிசிக் கடை வரிசையில் நிற்பவன் உருகுவதாக எண்ணிப் பாருங்கள். எதிர்பார்ப்புக்கும் வந்த சொல்லுக்கும் இடையேயுள்ள இடைவெளியில்தான் சிரிப்புப் பிறக்கிறது. இரண்டாம் முறை பல்லவி வரும்போது கூட்டமே பாடத் தொடங்குகிறது. மறுநாள் வானொலியில் அந்தத் திரைப்பாடல் ஒலிக்கும்போது அவர்கள் செவியில் விழுவது கவிஞர் எழுதிய காதலன்று, பாவலர் எழுதிய பசி. எதிர்க்கட்சியின் பாட்டை வானொலி தானே நாள்தோறும் பரப்புகிறது! இத்தகைய ஏற்பாட்டை இரவல் என்பதைவிடக் கைப்பற்றல் என்பதே பொருந்தும்.

இவ்விடத்தில் தொல்காப்பியரை நினைவுகூர்வது பொருத்தமாகும். மெய்ப்பாட்டியலில் அவர் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகையில் எள்ளலை முதலாவதாக வைத்தார். அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகையில் வறுமையை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். அதாவது, இலக்கண நெறிப்படி வறுமை அழுகையின் வீட்டைச் சார்ந்தது. எள்ளல் நகையின் வீட்டைச் சார்ந்தது. பாவலரைப் போன்றோர் செய்த அருஞ்செயல், அழுகையின் வீட்டுப் பொருளை எடுத்து நகையின் வீட்டில் குடிவைத்தது. பசியை நிலைக்களனாகக் கொண்டு நகை பிறக்கச் செய்தல் எளிதன்று. ஒரு சொல் தவறினாலும் அது பசித்தவனையே எள்ளியதாகிவிடும். வறியவனின் கந்தலைக் கண்டு சிரிப்பது கயமை. கந்தல் உடுத்தியவனே தன் கந்தலைத் தூக்கிக் காட்டி, 'இதை எனக்கு நெய்து தந்தவர் இன்னார்' என்று சிரிக்க வைப்பது அறம். இரண்டுக்கும் இடையே மயிரிழை அளவே வேறுபாடு. அவ்விழையின் மேல் நடக்கத் தெரிந்தவரே அங்கதக் கவிஞர். வெளிப்படையாய்த் தாக்கும் செம்பொருள் அங்கதம், மறைத்துத் தாக்கும் பழிகரப்பு அங்கதம் என இலக்கணம் வகுத்த மொழியில், மேடையில் அதைச் செய்து காட்டியவரைக் கவிஞர் வரிசையில் சேர்க்கத் தயங்குவது முறையன்று.

இச்சிரிப்பு யாருக்குத் தேவைப்பட்டது என்பதையும் எண்ண வேண்டும். மலையடிவாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக மெட்டேறி வேலைக்குச் சென்றவர்கள். பாவலரின் தந்தையும் மலைத்தோட்டத்தில் கங்காணியாகப் பணிபுரிந்தவர். தேயிலைத் தோட்டத்தில் பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து நிற்க வேண்டும். ஏலத்தோட்டத்தில் மழையிலும் அட்டைக்கடியிலும் செடியின் அடியில் குனிந்து காய் எடுக்க வேண்டும். உலகின் விருந்துகளுக்கெல்லாம் மணம் சேர்க்கும் பொருளைப் பறிப்பவள் அன்றிரவு லயத்துக்குத் திரும்பிக் கஞ்சி காய்ச்சுவாள். இதில் ஏற்கெனவே ஒரு கசப்பான நகைமுரண் இருக்கிறது. பாடகர் அதைப் புதிதாய்ப் படைக்க வேண்டியதில்லை, சுட்டிக்காட்டினால் போதும். துரையையும் கணக்கப்பிள்ளையையும் கண்டால் ஒதுங்கி நின்றவர்கள், அவர்களைப் பற்றிய பாட்டுக்கு ஒன்றாய்ச் சிரித்த அந்த ஒரு கணத்தில் அச்சத்தின் எடை குறைந்திருக்கும். தனியே அழுவது யாருக்கும் இயலும். ஒன்றாய்ச் சிரிப்பதற்குத்தான் ஒரு கூட்டம் வேண்டும். சங்கம் அமைப்பதற்கு முந்திய படி அதுவே.

இக்கலை வரலாற்றையும் தொட்டது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபோது, தமிழ்த் தொழிலாளர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடன் சென்றன. 1957இல் நடந்த முதல் தேர்தலில், 126 இடங்கள் கொண்ட கேரளச் சட்டமன்றத்தில் பொதுவுடைமைக் கட்சி 60 இடங்களை வென்று, சுயேச்சைகள் ஐவரின் துணையோடு இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் ஆட்சி அமைத்தது. பெரும்பான்மை மிகக் குறுகியது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸ் அவர்களின் தேர்தல், வேட்புமனு தொடர்பான வழக்கில் செல்லாதென்று அறிவிக்கப்பட, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. நாடே அத்தேர்தலை நோக்கியது. வாக்காளரில் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளரான தமிழர். மலையாள மேடைப்பேச்சு அவர்கள் செவியை எட்டலாம். நெஞ்சை எட்டுவது கடினம். அந்நிலையில்தான் பாவலர் மெட்டேறினார். தோட்டந்தோறும் பாட்டு ஒலித்தது. ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். ஒரு வெற்றிக்குக் காரணங்கள் பல இருக்கும். பாட்டு மட்டுமே வாக்காகிவிட்டது என்பது மிகை. ஆயினும் அவ்வெற்றியைப் பற்றிப் பேசுவோர் எவரும் பாவலரின் பாட்டைச் சொல்லாமல் பேச்சை முடிப்பதில்லை. தமிழில் அங்கதக் கவிதைக்கு இவ்வளவு நேரான அரசியல் பயன் கிடைத்த தருணங்கள் மிகச் சிலவே.

இங்கு ஒரு தடை எழலாம். சிரிப்பு சினத்தை ஆற்றிவிடாதா? சிரித்து முடித்தவன் மனநிறைவோடு உறங்கச் சென்றுவிட மாட்டானா? இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 'மூன்று காசு நாடகம்' யாரை எள்ளியதோ அந்த நடுத்தர வர்க்கத்தாரே அதைக் கொண்டாடி, அதன் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பினர். புருவானிடம் ஏச்சு வாங்கிய செல்வர்களும் மறுநாள் மாறிவிடவில்லை. ஆனால் அங்கெல்லாம் கட்டணம் செலுத்திக் கேட்டவர்கள் வயிறு நிறைந்தவர்கள். தோட்டத்து மேடையின் முன் அமர்ந்தவர்களோ பாட்டின் பொருளாகவே இருந்தவர்கள். அவர்களுக்கு அச்சிரிப்பு பொழுதுபோக்கு மட்டுமன்று. தம் நிலையைத் தாமே பெயர் சொல்லி அழைத்த முதல் வாய்ப்பு. ஒரே வகைப் பாட்டு கேட்போரைப் பொறுத்து மருந்தாகவும் ஆகும், மயக்கமாகவும் ஆகும். ஆதலால் அங்கதத்தை மதிப்பிடும்போது சொல்லை மட்டும் நோக்காமல், எந்த அவையில் அது சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

பாவலர் 1973இல் மறைந்தார். 'அன்னக்கிளி'யின் பாட்டு ஊரெங்கும் ஒலித்ததைக் கேட்க அவர் இல்லை. தம்பியர் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாய் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாய் தந்தனுப்பினார் என்று இளையராஜா பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். பிறர் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்த பெட்டியை விற்ற பணத்தில், நாடெங்கும் வானொலிகள் ஒலிக்கப்போகும் பாட்டு புறப்பட்டது. அவ்விளைஞர் 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அதுவரை நீண்ட அப்பயணத்தின் முதற்பள்ளி அண்ணனின் மேடை. கூட்டம் எந்த இடத்தில் மூச்சை அடக்குகிறது, எங்கே சிரிக்கிறது, ஒரு மெட்டு எத்தனை வேகத்தில் நாவில் ஒட்டுகிறது என்பனவற்றை எந்த இசைக்கல்லூரியும் கற்பிப்பதில்லை. தோட்டத்துத் திறந்தவெளிகள் கற்பித்தன. கங்கை அமரனின் பாடல்களில் தென்படும் குறும்பிலும் அம்மேடையின் சாயலை உணர முடியும்.

எனினும் தம்பியரின் புகழை அளந்து அண்ணனின் பெருமையைக் கணக்கிடுவது நீதியாகாது. அவர் தம்பியரே இல்லாதவராக இருந்திருந்தாலும் தமிழ் அங்கத வரலாற்றில் அவருக்கு ஓர் இருக்கை உண்டு. அந்த இருக்கை இன்று ஏன் வெறுமையாய்த் தோன்றுகிறது? காரணம் அக்கலையின் இயல்பிலேயே உள்ளது. அங்கதப் பாட்டு அன்றைய அமைச்சரின் பெயரையும் அன்றைய அரிசி விலையையும் உண்டு வாழ்வது. அப்பெயர் மறந்ததும் நகைச்சுவையின் பாதி உதிர்கிறது. எந்தத் திரைப்பாடலின் மெட்டு என்பது மறந்ததும் மறுபாதியும் உதிர்கிறது. அச்சில் ஏறும் வரிகள் எலும்புக்கூடு மட்டுமே. பல்லவிக்குமுன் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுப் பாடகர் விட்ட இடைவெளியும், கூட்டத்திலிருந்து வந்த குரலுக்கு அவர் உடனே கொடுத்த விடையும், ஊருக்கு ஊர் மாற்றிய பெயர்களும் தாளில் ஏறுவதில்லை. விசுவநாததாஸ் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்நீத்தார் என்பதை 1940ஆம் ஆண்டுக் குறிப்பாக அறிகிறோம். வெள்ளையரைக் கொக்காக்கி அவர் பாடியபோது அவையில் எழுந்த ஆரவாரத்தை அறிய வழியில்லை. பாவலரின் பாட்டும் அந்த வழியிலேயே மறைந்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1958இல் பன்னிரண்டு வயதுச் சிறுவராய் மேடையின் முன்வரிசையில் தரையில் அமர்ந்து கேட்டவர்கள் இன்று எண்பதை ஒட்டிய முதியவர்கள். தேவாரத்திலும் பண்ணைப்புரத்திலும் கோம்பையிலும் மெட்டுக்கு அப்பால் தோட்டங்களிலும் அத்தகையோர் இன்னும் திண்ணைகளில் அமர்ந்திருக்கக்கூடும். ஒருவருக்குப் பல்லவி நினைவிருக்கலாம். மற்றொருவருக்குச் சரணத்தின் ஓரடி. வேறொருவருக்குச் சொல் மறந்து மெட்டு மட்டும். இவற்றைத் தொகுப்பதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. கையிலுள்ள கைபேசியே ஒலிப்பதிவுக் கருவி. பாடலைப் பதிவதுடன், அது எந்தப் படத்து மெட்டு, எந்த ஊர்க் கூட்டம், எந்த ஆண்டையொட்டி, அதில் கேலிக்குள்ளானவர் யார், கேட்டவர் எந்தச் சொல்லுக்குச் சிரித்தார் என்னும் ஐந்தையும் குறித்துக்கொண்டால் அது வருங்கால ஆய்வாளனுக்கு உரையோடு கூடிய மூலமாகும். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்தார். இன்றைக்குத் தேட வேண்டிய ஏடுகளுக்கு மூச்சிருக்கிறது. ஆதலால் அவை கரையானைவிட விரைவாக மறையும்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டம் ஒன்றுக்கு அடுத்த பத்தாண்டுக்குரிய பணி இதைவிட அருகில் வேறொன்று இருக்க இயலாது. மாதக் கூட்டங்களில் புதுக்கவிதையும் மரபுக்கவிதையும் அரங்கேறட்டும். அவற்றுடன், மாதம் ஒருவராக அத்தகைய முதியவர் ஒருவரை அழைத்துவந்து அமர்த்தி, நினைவிலுள்ளதைப் பாடச் சொல்லிக் கேட்கலாம். இளங்கவிஞர்க்கு அதில் ஓர் ஆதாயமும் உண்டு. துயரத்தைத் துயரமாகவே எழுதும் கவிதை இன்று மிகுந்துவிட்டது. அதே துயரத்தைக் கேட்டவன் முதலில் சிரித்து, வீட்டுக்குச் செல்லும் வழியில் சிரிப்பு நின்று, படுக்கையில் உறக்கம் வராமல் புரளும்படி எழுதுவது எவ்வாறு என்பதை ஒருவர் இவ்வடிவாரத்தில் செய்து காட்டிச் சென்றிருக்கிறார். அவரைத் தேடிப் பாரிஸுக்கோ பெர்லினுக்கோ செல்ல வேண்டியதில்லை. கோம்பைச் சாலையில் பேருந்தேறினால் போதும்.